செமினார்ல திக்குது டாக்டர், மாத்திரை போடலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டைலருந்து எழுதறேன், பி.எஸ்சி ஜியாலஜி ரெண்டாம் வருஷம். சின்னதுலருந்தே திக்கும். அடுத்த வாரம் நம்ம ஊர்ல கிடைக்கற மேக்னசைட்ங்கற கனிமத்த பத்தி பத்து நிமிஷம் செமினார் எடுக்கணும். 'மே'லயே நின்னுடும், போன தடவ 'வெள்ளக்கல்லு'ன்னு மாத்தி சொல்லி சமாளிச்சேன், மேடம் எல்லார் முன்னாடியும் திருத்திட்டாங்க. ஃப்ரெண்டு ப்ரோப்ரனோலால்னு ஒரு மாத்திரைய போட்டுக்கோங்கறான். போடலாமா?

பதில்: வேணாம் தம்பி. அது நெஞ்சு படபடப்பையும் கை நடுக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும், அவ்ளோதான், திக்கறதுக்கு அது மருந்தே இல்ல. வீசிங் இருக்கறவங்க மெடிக்கல்ல கேட்டு வாங்கி போட்டா மூச்சுத்திணறல்ல கொண்டு போய் விட்டுடும்.

திக்குவாய் பயத்தால வர்றது இல்ல. மூளைல பேச்சுக்கான டைமிங் கொஞ்சம் வேற மாதிரி ஓடுது, நிறைய பேருக்கு பரம்பரையாவும் வரும், பெரியவங்கள்ல சுமாரா நூத்துல ஒருத்தருக்கு இருக்கு. பயம் அதை கூட்டி விடும், அது நிஜம். வசம்பு தேய்க்கறது, கூழாங்கல்ல வாய்ல போட்டு பேசறது எதுவும் வேணாம் (வீட்ல கட்டாயம் யாராவது சொல்லியிருப்பாங்க).

இப்ப அந்த 'மே'. கண்ணாடி முன்னாடி சொல்லி பாருங்க, ரெண்டு உதட்டையும் இறுக்கி அழுத்திட்டு இருப்பீங்க, முக்க முக்க இன்னும் இறுகும். மாட்டினதும் தள்ளாதீங்க, அப்படியே நின்னு உதட்ட லேசா தளர்த்தி, 'ம்ம்'னு சத்தம் மூக்கு வழியா வர விட்டு, அங்கருந்து மெதுவா 'மேக்னசைட்'டுக்குள்ள போங்க. வார்த்தைய மட்டும் மாத்தாதீங்க. ஒவ்வொரு தடவ மாத்தும்போதும் அந்த வார்த்தை மேல பயம் ஏறிட்டே போகும், ஜியாலஜி படிச்சிட்டு மேக்னசைட்ட விட்டு எங்க ஓடுவீங்க?

தனியா ரூம்ல பேசி ப்ராக்டீஸ் பண்ணா பத்தாது, ஏன்னா தனியா இருக்கும்போது நிறைய பேருக்கு அவ்வளவா திக்காது, அதை நம்பி போய் க்ளாஸ்ல மாட்டிக்குவீங்க. ரெண்டு ஃப்ரெண்ட உக்கார வச்சு, நின்னுகிட்டே, வேணும்னே ரெண்டு மூணு எடத்துல திக்கி பேசுங்க. கேக்க லூசுத்தனமா இருக்கும், ஆனா திக்கினா என்ன ஆகும்ங்கற பயம் அதுலதான் உடையும். மேடம்கிட்ட முன்னாடியே பேசி மொத ஆளா போயிடுங்க, கடைசி வரைக்கும் காத்துட்டு இருந்தா வயிறு கலக்கும். மொத வரியே 'எனக்கு திக்கும், சில வார்த்தைக்கு டைம் எடுப்பேன், நீங்க எடுத்து குடுக்க வேணாம்'னு வச்சுக்கங்க. மறைக்கறதுக்கு செலவாகற சக்தி மிச்சமாகும், கேக்கறவங்களுக்கும் எங்க பாக்கறதுன்னு தெரியாம நெளிய வேண்டியிருக்காது.

ஒரு வாரத்துல திக்கறது நிக்காது. திக்கிகிட்டே பத்து நிமிஷத்த முடிச்சா போதும், அது ஃபெயில் இல்ல. செமினார் முடிஞ்சதும் ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்ட பாருங்க, சேலம் ஜி.ஹெச் ஈ.என்.டி ஓ.பி.ல கேட்டா வழி சொல்லுவாங்க, மைசூர்ல அகில இந்திய பேச்சு கேட்டல் நிறுவனமும் இருக்கு. இதே உங்களுக்கு திடீர்னு இப்ப ஆரம்பிச்சிருந்தா, இல்ல தலைல அடிபட்டப்புறம் வந்திருந்தா நான் மொதல்ல நியூராலஜிஸ்ட்டதான் பாக்க சொல்லியிருப்பேன்.