வாசகர் கேள்வி – பதில்: மறுபடியும் தொடங்குபவளின் கதை

கேள்வி: நாற்பத்தோரு வயதில் ஒரே மாதத்தில் வேலையையும் மணவாழ்வையும் இழந்த ஒரு பெண்ணைப் பற்றி நகைச்சுவை நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் ஐந்து அத்தியாயங்களைப் படித்த தோழி, “அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை” என்று சொல்லிவிட்டாள். துயரத்தில் இருப்பவளை வைத்துச் சிரிக்கலாமா என்ற தயக்கமும் எனக்கு உண்டு. எங்கே பிழை?

பதில்: உங்கள் தோழி நல்ல வாசகி, அவரைக் கைவிட்டுவிடாதீர்கள். நகைச்சுவை நாவல் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டதால், இழப்பை எழுதும்போதே அதன் கனத்தைக் குறைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். வேலை போன செய்தியைச் சொல்ல வந்த மேலாளர் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தார், வழக்கறிஞரின் அறையில் யாரோ ஓயாமல் தும்மினார் என்பன போன்ற சிரிப்புகளை மேலே தூவினால் துயரத்தையும் எவரும் நம்பமாட்டார்கள், சிரிப்பும் ஒட்டாது.

உணர்ச்சிகள் மெய்யில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், ‘எள்ளல் இளமை பேதைமை மடன்என்று உள்ளப் பட்ட நகைநான்கு என்ப’ என்று சிரிப்பு பிறக்கும் இடங்களை நான்காக வகுக்கிறது. இவை பிறரிடம் மட்டுமன்றித் தன்னிடமும் தோன்றும் என்று உரையாசிரியர்கள் விளக்கியிருப்பது உங்களுக்கு மிகவும் உதவும். நான்கில் எள்ளலை, அதாவது கேலி செய்வதை, ஒதுக்கிவையுங்கள். உங்கள் தயக்கமெல்லாம் அதைப் பற்றியதுதான். பேதைமையை, அதாவது அறியாமையை, எடுத்துக்கொள்ளுங்கள். வேலை போன பிறகும் காலை அலாரத்தை அணைக்க மனமில்லாமல் எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட உடையை அணிந்து, தன் வீட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்து, பத்தரை மணி ஆனதும் தனக்குத்தானே இடைவேளை அறிவித்துக்கொள்ளும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுடைய துயரம் ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ஆனால் வாசகருக்குச் சிரிப்பு வருகிறது. இடைவேளைக்கு ஐந்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டதற்காக அவள் குற்றவுணர்வு கொள்கிறாள் என்று ஒரு வரி சேர்த்தால், அவளுக்கே சிரிப்பு வந்துவிடும். அந்த இடத்தில்தான் உங்கள் நாவல் தொடங்குகிறது.

கேள்வி: இத்தகைய நாவல்களெல்லாம் பேருந்துப் பயணத்தில் படித்துவிட்டு மறந்துவிட வேண்டியவைதாமே? இவற்றை இலக்கியம் என்று சொல்ல முடியுமா?

பதில்: பேருந்தில் கையிலிருக்கும் நூலைக் கீழே வைக்க முடியாமல் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு, கனமான நாவலால் அவ்வாறு ஆனவர்களை நான் அதிகம் கண்டதில்லை. இலக்கியமா என்பதை நூல்தோறும் கேட்கலாம். வகை முழுவதற்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுத முடியாது.

கேள்வி: நான் படித்த இவ்வகை நாவல்கள் பலவற்றில், புதிய வேலை தேடும் பகுதி தொடக்கத்தில் சுவையாக இருக்கிறது, காதலன் வந்தவுடன் வேலை எங்கோ மறைந்துவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் “அவள் தொழிலும் செழித்தது” என்று ஒரு வாக்கியத்தோடு முடித்துவிடுகிறார்கள். ஏன் இப்படி நடக்கிறது?

பதில்: மிகச் சரியான கவனிப்பு, நானும் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். காதலுக்குக் காட்சி அமைப்பது எளிது. இரண்டு பேரை ஒரே மின்தூக்கியில் அடைத்து மின்சாரத்தை நிறுத்திவிட்டால் அரை அத்தியாயம் தானாக நடந்துவிடும். வேலையோ மெதுவாக நகர்வது. விண்ணப்பம், காத்திருப்பு, பயிற்சி, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவரிடம் கணினிப் பயன்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று சிறுசிறு படிகளாக அது போகிறது. சோம்பல்பட்ட ஆசிரியர், காதலனையே நிறுவனத்தின் உரிமையாளனாக்கி இரண்டு இழைகளையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறார். அந்தக் கணமே கதாநாயகியின் உழைப்பு வீணாகிறது. ஒருவர் கொடுத்ததை மற்றொருவர் பறித்துக்கொண்டார், மூன்றாமவர் திரும்பக் கொடுத்தார் என்ற அளவுக்குக் கதை சுருங்கிவிடுகிறது.

வேலையும் காதலும் ஒரே கதையாக வேண்டுமானால், இரண்டையும் கெடுத்த குணம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பதினாறு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவள் புதிய இடத்தில் கடைநிலைப் பணியில் சேர்கிறாள். முதல் நாள் கொடுக்கப்பட்ட அடையாள அட்டையில் அவள் பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருக்கிறது. சொன்னால் சங்கடமாகிவிடுமோ என்று பேசாமல் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். ஒரு வாரத்தில் அலுவலகம் முழுவதும் அவளை அந்தப் பிழையான பெயரால் அழைக்கிறது. மின்னஞ்சல் முகவரியும் அதே பெயரில் வந்துவிடுகிறது. வேறொரு பிரிவில் உண்மையிலேயே அந்தப் பெயருடைய ஒருவர் இருப்பதால், அவருக்கு வர வேண்டிய வசைகளெல்லாம் இவளுக்கு வருகின்றன. இவளும் பொறுமையாக மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுகிறாள். இதுவரை வெறும் கேலிக்கூத்து. பத்தாவது அத்தியாயத்தில், பிரிந்துபோன கணவன் பன்னிரண்டு ஆண்டுகளும் பிறந்தநாள்தோறும் ஊதா நிறப் பொருளையே பரிசளித்தான் என்றும், அந்த நிறம் தனக்குப் பிடிக்காது என்பதை அவள் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்றும் போகிற போக்கில் தெரியவந்தால், வாசகர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்காருவார். அவன் கொடியவனாக இருக்க வேண்டிய தேவையும் இல்லாமல் போகிறது. அவளை அறியாதவனாக இருந்தான்; அறிவிக்காதவளாக இவள் இருந்தாள். இனி அட்டையைத் திருத்தித் தரும்படி அவள் கேட்கும் காட்சி ஓர் எழுத்தைப் பற்றியதாக மட்டும் இருக்காது. புதிதாக அறிமுகமானவன் ஊதா நிறத்தில் எதையாவது கொண்டுவரும் நாளுக்காகவும் வாசகர் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

ஒரு சிறு வேண்டுகோள்: சம்பளத்தைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். பழைய ஊதியத்தில் பாதிதான் இப்போது கிடைக்கிறதென்றால், அவள் எதையெல்லாம் நிறுத்தினாள், எதை மட்டும் நிறுத்த மனம் வரவில்லை என்பதில் அவளுடைய குணம் முழுவதும் தெரிந்துவிடும்.

கேள்வி: மீண்டும் தொடங்கும் காதல் பழைய காதலனோடு அமைய வேண்டுமா, புதியவனோடா?

பதில்: இரண்டும் அமையலாம், ஆனால் பழையவன் திரும்பி வருவது கடினமான வேலை, ஏனெனில் அன்று பிரித்த காரணம் இன்று ஏன் பிரிக்காது என்று காட்டியாக வேண்டும். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டனின் ‘பர்சுவேஷன்’ நாவல் இதற்கு நல்ல பாடம். பத்தொன்பது வயதில் பிறர் பேச்சைக் கேட்டு, பொருள்வசதி இல்லாத இளம் கடற்படை அதிகாரியோடு செய்துகொண்ட திருமண உறுதியை ஆன் எலியட் முறித்துக்கொள்கிறாள். இருபத்தேழு வயதில் அவனை மறுபடியும் சந்திக்கிறாள். இடைப்பட்ட காலத்தில் அவன் தன் தொழிலில் உயர்ந்து செல்வனாகியிருக்கிறான். அவளுடைய தந்தைக்கோ கடனால் குடும்ப மாளிகையை வாடகைக்கு விட நேர்ந்திருக்கிறது. தராசின் தட்டுகள் இடம் மாறிவிட்டதால், பழைய காதலாக இருந்தும் அது புதிய கதையாகிறது.

கேள்வி: என் நாவலின் முடிவை மூன்று முறை மாற்றிவிட்டேன். இருவரையும் சேர்த்துவைக்கும் காட்சி ஒவ்வொரு முறையும் செயற்கையாகவே இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: மூன்றுதானே? மேலே சொன்ன அதே நாவலின் முடிவை ஆஸ்டன் 1816 ஜூலையில் எழுதி முடித்துவிட்டு, பிடிக்காமல் மாற்றி எழுதினார். ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் இப்போதைய வடிவம் நிறைவடைந்தது. கைவிடப்பட்ட பகுதியின் கையெழுத்துப் படி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டால் உங்கள் சிக்கல் எங்கே என்பது விளங்கக்கூடும். முதல் வடிவத்தில், ஆன் வேறொருவரை மணக்கப்போவதாகக் கேள்விப்பட்ட, அந்த மாளிகையில் வாடகைக்கு இருக்கும் ஒரு கடற்படைத் தளபதி, அப்படியானால் மாளிகையைத் திருப்பித் தர வேண்டுமா என்று விசாரித்து வரும்படி பழைய காதலனையே அவளிடம் அனுப்புகிறார், அந்தத் திருமணச் செய்தியை அவள் மறுக்கிறாள், உடனே இருவரும் சேர்ந்துவிடுகிறார்கள். வேடிக்கையான காட்சிதான், ஆனால் வாடகை விசாரிக்க வந்த இடத்தில் காதல் கைகூடுகிறது. மூன்றாமவர் ஒருவர்தான் அவர்களை ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்துகிறார். மாற்றி எழுதியதில் அவள், யாருடைய அன்பு நெடுநாள் நிலைக்கும், ஆணுடையதா பெண்ணுடையதா என்று வேறொருவரோடு உரையாடிக்கொண்டிருக்கிறாள்; அதே அறையில் எழுதிக்கொண்டிருக்கும் காதலன் அதைக் கேட்டுவிட்டு, அங்கேயே அவளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான்.

அவள் பேசியதால் அவன் எழுதினான். தளபதிக்கு அங்கே வேலை இல்லை. உங்கள் மூன்று முடிவுகளையும் எடுத்துவைத்து, அவற்றில் யார் வந்து இருவரையும் சேர்த்துவைக்கிறார் என்று பாருங்கள். அத்தையோ, மழையோ, தாமதமான விமானமோ இருந்தால் அதை அடித்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் கதாநாயகி என்ன சொல்வாள் என்று நான்காவது முறையாக எழுதத் தொடங்குங்கள். அதையும் அதே தோழியிடமே முதலில் படிக்கக் கொடுங்கள்.