மல்டிமீட்டரைத் திறந்து பார்த்தால் அதன் தரம் தெரியுமா?

கேள்வி இதுதான்: பம்ப்செட் ஸ்டார்ட்டர், வீட்டு வயரிங் வேலைக்கும், கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் பழகவும் ஒரு மல்டிமீட்டர் வாங்க வேண்டும். கழற்றி உள்ளே பார்த்தால் நல்லதா மட்டமா என்று சொல்லிவிடலாமா? எதைப் பார்ப்பது?

சொல்லலாம். ஆனால் பாதி விஷயத்தைத்தான் சொல்ல முடியும். ஏதாவது தப்பு நடந்தால் அந்த மீட்டர் கையில் பிடித்திருப்பவரைக் காப்பாற்றுமா என்பது திறந்தால் கண்ணுக்குத் தெரியும். அளவைச் சரியாகக் காட்டுமா என்பது போர்டைப் பார்த்தால் தெரியாது, அதற்கு வேறு வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வள்ளியூர்ப் பக்கம் மோட்டார் ஸ்டார்ட்டர், பேனல் வேலை பார்ப்பவன். ராதாபுரம், பணகுடி வட்டாரத்துக் காற்றாலைக் காத்தாடிகளின் அடியில் இருக்கும் கண்ட்ரோல் பேனல்களிலும் வேலை உண்டு. கைக்கு வரும் மீட்டரை ஒரு தடவையாவது திறந்து பார்த்துவிடுவேன். பேட்டை ஐடிஐ முடித்துவிட்டு வேலை பழக வரும் பையன்கள் பெரும்பாலும் அளவைக் கணக்கிடும் சிப்பைத்தான், அதாவது ஐசியைத்தான், முதலில் பார்ப்பார்கள். "அண்ணாச்சி, போர்டு எவ்வளவு நீட்டா இருக்கு பாருங்க" என்பார்கள். "போர்டு கிடக்கட்டும்டே, ஜாக்குல இருந்து உள்ள எப்படிப் போகுதுன்னு பாரு" என்றுதான் நான் சொல்வேன். புரோப் செருகும் ஜாக்கிலிருந்து ஐசி வரைக்கும் கரண்ட் போகிற பாதை ரெண்டு மூணு அங்குலம்தான் இருக்கும். மீட்டரின் தரம் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடும்.

முதலில் பியூஸ். அதிலும் 10 ஆம்பியர் ஜாக்குக்குப் பின்னால் இருக்கும் பியூஸ். நம் பக்கத்தில் அதிகம் நடக்கிற தப்பு என்னவென்றால், மோட்டார் எவ்வளவு ஆம்பியர் எடுக்கிறது என்று பார்த்துவிட்டு, சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஜாக்கிலேயே விட்டுவிடுவது. அடுத்து வோல்ட் பார்க்கலாம் என்று ரெண்டு பேஸிலும் புரோப்பை வைத்தால், மீட்டருக்குள் இருப்பது கரண்டை அளக்க வைத்த, ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைந்த ஒரு தடித்த ஷண்ட் கம்பி மட்டும்தான். 440 வோல்ட்டை நேராக ஷார்ட் செய்வது போலத்தான் அது.

அந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள். களக்காடு, நாங்குநேரி பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு லைன் கொடுக்கும் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 433 வோல்ட்டில் அதன் முழு லோடு கரண்ட் சுமார் 133 ஆம்பியர். அதன் இம்பீடன்ஸ், அதாவது அது தன்னுள் கரண்டைத் தடுக்கும் அளவு, 4.5 சதவீதம் என்று வைத்தால், டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே மூணு பேஸும் ஷார்ட் ஆகும்போது ஏறக்குறைய 3,000 ஆம்பியர் ஓடும். ரெண்டு பேஸுக்கு நடுவில் என்றால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. தோட்டம் வரைக்கும் கம்பி நீள நீள இன்னும் குறையும். அப்படியும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் எளிதாக வரும்.

இப்போது மட்டமான மீட்டரில் இருக்கும் கண்ணாடி பியூஸைப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் விட்டம், 20 மில்லிமீட்டர் நீளம், 250 வோல்ட். இந்தச் சாதாரண வகை பத்திரமாக அறுத்து நிறுத்தக்கூடியது 35 ஆம்பியர் அல்லது பியூஸ் அளவைப்போல பத்து மடங்கு, இதில் எது பெரியதோ அது. அதாவது 10 ஆம்பியர் பியூஸ் என்றால் 100 ஆம்பியர் வரைக்கும்தான் அதற்குப் பொறுப்பு. அதற்கு மேல் போனால் உள்ளே கம்பி உருகும், ஆனால் கரண்ட் நிற்காது. உருகிய உலோக ஆவி வழியாகவே ஆர்க் அடித்துக்கொண்டு ஓடும், கண்ணாடி வெடிக்கும். சில மீட்டர்களில் அந்த பியூஸ்கூடக் கிடையாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரில் 10 ஆம்பியர் ஜாக்குப் பக்கத்தில் பியூஸ் இல்லை என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அவர்களே அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நல்ல மீட்டரில் பெரிய செராமிக் பியூஸ் இருக்கும். சுமார் 10 மில்லிமீட்டர் விட்டம், 38 மில்லிமீட்டர் நீளம், மேலே 11 ஆம்பியர் 1000 வோல்ட் என்று எழுதியிருக்கும். மில்லி ஆம்பியர் பக்கத்துக்கு 440 மில்லி ஆம்பியர், 1000 வோல்ட் என்று இன்னொன்று. உள்ளே மணல் நிரப்பியிருப்பார்கள். ஆர்க் வந்தால் அந்த மணல் சூட்டை உறிஞ்சி, தானே உருகி இறுகி, பாதையை அடைத்துவிடும். இந்த வகை பியூஸ்கள் 10,000, 20,000 ஆம்பியரைக்கூட அறுக்கும். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், உடம்பிலேயே அறுக்கும் திறன் அச்சடித்திருக்கும். விலையும் அதிகம், சமயத்தில் ஒரு மஞ்சள் மீட்டர் விலைக்கு மேலேயே இருக்கும். அதனால்தான் விலையைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கை வைப்பது இதில்.

பழைய மீட்டர் வாங்குவதாக இருந்தால் இந்த இடத்தைக் கட்டாயம் திறந்து பாருங்கள். போன செராமிக் பியூஸுக்குப் பதிலாக, வீட்டு பியூஸ் கேரியருக்குக் கட்டுவது மாதிரி ஒரு இழை செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். எத்தனை நல்ல கம்பெனி மீட்டராக இருந்தாலும் அதற்கு அப்புறம் அது நல்ல மீட்டர் கிடையாது. அதைக் கொண்டுவருபவர்களிடம் பியூஸ் வாங்கிப் போடும் வரைக்கும் லைனில் வைக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி அனுப்புவேன்.

பியூஸுக்கு அடுத்தது வோல்ட் ஜாக்குப் பக்கம். அங்கே ரெண்டு பொருளைத் தேடுங்கள். ஒன்று எம்ஓவி, நீலத்திலோ கறுப்பிலோ வட்டமான வில்லை மாதிரி இருக்கும். வோல்டேஜ் திடீரென்று ஏறினால் அது தன் வழியாகக் கரண்டை விட்டு, ஐசியைக் காப்பாற்றும். இன்னொன்று பிடிசி. சூடானால் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும் சாமான் அது. ஓம் ரேஞ்சில் வைத்துக்கொண்டு தெரியாமல் 230 வோல்ட்டைத் தொட்டால், பிடிசி சூடேறிக் கரண்டைக் குறைத்துவிடும், மீட்டர் பிழைக்கும். ரெண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். கரண்டைக் குறைக்க முன்னால் எதுவும் இல்லாமல் எம்ஓவி மட்டும் இருந்தால், அதுவே எரிந்து போகும். சில மீட்டர்களில் போர்டில் இவற்றுக்கான இடம் அச்சடித்திருக்கும், துளையும் இருக்கும், சாமான் மட்டும் இருக்காது. ஒரே போர்டை ஒரு நாட்டுக்குச் சாமானோடும் இன்னொரு நாட்டுக்குச் சாமான் இல்லாமலும் அனுப்புவார்கள். வெளியே கேட் 3 (CAT III) என்ற பாதுகாப்பு வகை எழுத்து மட்டும் ரெண்டிலும் ஒரே மாதிரி இருந்தால் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

அந்த கேட் எழுத்தின் அர்த்தம் இது. ஐஇசி 61010 என்ற பாதுகாப்புத் தரத்தின்படி, கேட் 2 600 வோல்ட் மீட்டர் 4,000 வோல்ட் அதிர்வை, அதாவது ஒரு கணம் மட்டும் ஏறி இறங்கும் வோல்டேஜை, தாங்க வேண்டும், 12 ஓம் வழியாக. கேட் 3 600 வோல்ட் என்றால் 6,000 வோல்ட், 2 ஓம் வழியாக. வோல்ட்டில் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். வோல்ட்டை ஓமால் வகுத்துப் பார்த்தால் முதலாவதில் 333 ஆம்பியர், ரெண்டாவதில் 3,000 ஆம்பியர், ஒன்பது மடங்கு. ஐப்பசியில் இடி இடிக்கும்போது தோட்டத்து லைனில் ஏறுகிற அதிர்வுக்கு யாரும் தேதி சொல்ல முடியாது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து புரோப் வைத்திருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம்.

போர்டில் வெட்டியிருக்கும் நீளத் துளைகளையும் பாருங்கள். ஜாக்குகளுக்கு நடுவிலும், அதிக வோல்ட் பாதைக்கும் மற்ற பாதைக்கும் நடுவிலும் போர்டை அறுத்துவிட்டிருப்பார்கள். சும்மா அழகுக்கு அப்படிச் செய்வதில்லை. போர்டின் மேற்பரப்பில் தூசியும் ஈரமும் படிந்தால் அதன் மேலேயே கரண்ட் ஊர்ந்து போகும். நடுவில் துளை இருந்தால் ஊர்வதற்குப் பாலம் கிடையாது. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கம் கடற்காற்றில் வேலை பார்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். காத்தாடிச் சீசனில் மண்ணும் உப்பும் எல்லாவற்றுக்குள்ளும் போய்விடும், மீட்டருக்குள்ளும்தான். மேல் மூடியும் கீழ் மூடியும் ஒன்றுக்குள் ஒன்று ஏறி உட்காருகிறதா, ஜாக்கைச் சுற்றி பிளாஸ்டிக் சுவர் எழுப்பியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். உள்ளே வெடித்தால் தீ கைப்பக்கம் வராமல் தடுப்பது அந்தச் சுவர்தான்.

ஜாக் எப்படிப் பிடித்திருக்கிறது என்பதையும் விடக்கூடாது. வெறும் சால்டரிங்கிலேயே நிற்கும் ஜாக், புரோப்பைச் செருகி இழுக்க இழுக்க ஆட்டம் காணும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் சால்டரைச் சுற்றி மோதிரம் மாதிரி ஒரு வெடிப்புத் தெரியும். 10 ஆம்பியர் ஜாக்கில் அந்த வெடிப்பு வந்தால் அங்கேதான் சூடாகும், அளவும் மாறும். நல்ல மீட்டரில் ஜாக்கின் பாரத்தை உறை தாங்கும், சால்டர் தாங்காது. நாசிக்கில் தயாராகும் ரிஷப் மீட்டர்கள் சிலவற்றில் செலக்டரைத் திருப்பினாலே, அந்த ரேஞ்சுக்குப் பொருந்தாத ஜாக்கை ஒரு தகடு மூடிவிடும். நான் மேலே சொன்ன 10 ஆம்பியர் ஜாக் தப்பே நடக்காது. அதை யோசித்தவர் வேலை தெரிந்தவர்.

செலக்டர் ஸ்விட்சில் தங்க முலாம் பூசிய தடங்கள் இருந்தால் நல்லது, வெறும் ஈயப் பூச்சு சீக்கிரம் கறுத்துவிடும். போர்டில் சால்டரிங்குக்குப் போடும் ஃபிளக்ஸின் கறை வெள்ளையாகத் தங்கியிருந்தால், அதுவும் இன்புட் ரெசிஸ்டர்கள் பக்கம் இருந்தால், மழைக்காலத்தில் அளவு அலையும். ஐசி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பசைக் குமிழ் இருப்பதைப் பார்த்து மட்டமான மீட்டர் என்று ஒதுக்குபவர்கள் நிறைய. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சிப்பை நேராகப் போர்டில் ஒட்டி மூடுவது செலவைக் குறைக்கும் முறை, பழுது பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதனால் அளவு கெட்டுவிடாது.

சரி, அளவு. அது மீட்டர் ஒப்பிட்டுப் பார்க்க உள்ளே வைத்திருக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜையும் ரெசிஸ்டர்களின் துல்லியத்தையும் பொறுத்தது, ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது. நம்பிக்கையான மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, ஒரே பேட்டரியை, ஒரே ரெசிஸ்டரை ரெண்டிலும் வைத்துப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும் பாருங்கள். வேலைக்குச் சான்றிதழ் தேவை என்றால் என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் காலிபரேஷன் செய்யலாம். அப்புறம், உறையில் இருக்கும் சிஇ குறி பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. யுஎல், டியூவி, சிஎஸ்ஏ மாதிரிக் குறி உண்மையாக இருந்தால் வெளியார் சோதித்தது என்று அர்த்தம்.

திறக்கும் முன் ரெண்டு புரோப்பையும் உருவிவிடுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். மஞ்சள் மீட்டரில் செலக்டருக்கு அடியில் பொடி ஸ்பிரிங்கும் இரும்புக் குண்டும் இருக்கும், துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறவுங்கள். டிஸ்ப்ளேக்கு அடியில் இருக்கும் ரப்பர் பட்டையை விரலால் தொட வேண்டாம், எண்ணெய் பட்டால் இலக்கத்தில் கோடுகள் காணாமல் போகும். ஜங்ஷன் கடைகளில் புது மீட்டரைக் கழற்ற விட மாட்டார்கள், நியாயம்தான். பேட்டரி மூடியை மட்டும் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல மாடல்களில் பியூஸ் அங்கேயே தெரியும். அதுவே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது ரெண்டு மீட்டர். எலக்ட்ரானிக்ஸ் பழக மஞ்சள் மீட்டர் போதும், பேட்டரியில் ஓடும் சர்க்யூட்டுகளோடு நிறுத்திக்கொண்டால் அதில் ஆபத்து இல்லை. அந்த வகையின் இன்புட் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் 1 மெகா ஓம்தான், நல்ல மீட்டரில் 10 மெகா ஓம். அதனால் அதிக ரெசிஸ்டன்ஸ் உள்ள சர்க்யூட்டில் வோல்ட் குறைவாகக் காட்டினால் சர்க்யூட்டைச் சந்தேகப்படாதீர்கள். ஸ்டார்ட்டருக்கும் வயரிங்குக்கும் கேட் 3 600 வோல்ட், செராமிக் பியூஸ், வெளியார் சோதித்த குறி, இந்த மூணும் உள்ள ஒன்று. மோட்டார் ஆம்பியரை மீட்டருக்குள் விட்டுப் பார்க்கவே வேண்டாம், அதற்கு வயரை வெளியே இருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். புரோப்பையும் பாருங்கள். கேட் 3க்கு உரிய புரோப்பில் நுனியில் 4 மில்லிமீட்டருக்கு மேல் உலோகம் வெளியே தெரியாது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ரெண்டு முனைகளுக்கு நடுவில் நழுவினாலும் ஷார்ட் அடிக்கும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறையும்.