ஒரு மதிப்பெண் வினாவும் கிளைக்கதையும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு வருடமாகத் தமிழாசிரியையாக இருக்கிறேன். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஹைடெக் லேபில் உட்காரவைத்து ஊடாட்டக் கதை எழுதச் சொன்னேன். வாசிப்பவர் எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதற்கேற்பக் கதை மாறுகிற வகை. இதற்காக ட்வைன் மென்பொருளை வீட்டில் நானே கற்றுக்கொண்டேன். பிள்ளைகள் என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று வாரத்தில் இருபத்திரண்டு கதைகள் வந்துவிட்டன.

ஆனால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. பாதிக்கு மேல் பேய் பங்களா. இடது கதவா, வலது கதவா? ஒன்றில் புதையல், இன்னொன்றில் "நீ இறந்துவிட்டாய்". பேய் இல்லாத கதைகளில் "உண்மையைச் சொல்", "பொய் சொல்" என்று இரண்டு வழி. பொய் சொன்னவன் அடுத்த திரையில் லாரியில் அடிபடுகிறான். படம், ஒலி, மதிப்பெண் எல்லாம் சேர்க்கக் கற்றுக்கொடுத்தால் கதைகள் மேம்படுமா? டைப் செய்வதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது என்பது இன்னொரு கவலை. சக ஆசிரியர் ஒருவர், "முடிவை வாசகன் கையில் கொடுத்துவிட்டால் எழுதுகிறவனுக்கு என்ன வேலை?" என்று கேட்டார். எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்கு கதைகளை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை
(பெயரும் ஊரும் வேண்டாம் ஐயா)

*

அன்புள்ள டீச்சர்,

நான்கு கதைகளையும் எல்லா வழிகளிலும் போய்ப் படித்தேன். மூன்று வாரத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு கதையை முடித்தது பெரிய விஷயம். அதற்காக முதலில் உங்களுக்கு என் வணக்கம். கருவியை அவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். எனவே படமும் ஒலியும் இப்போதைக்கு வேண்டாம். அவற்றைச் சேர்த்தால் லாரி சத்தத்தோடு வரும், அவ்வளவுதான்.

அவர்கள் எழுதியிருப்பது ஒரு மதிப்பெண் வினா. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக: அ, ஆ, இ, ஈ. ஒன்று சரி, மற்றவை தவறு, தவறுக்கு மதிப்பெண் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை "தேர்ந்தெடு" என்ற சொல்லை அதிகமாகப் பார்த்திருக்கிற இடம் வினாத்தாள்தான். கதையில் தேர்வு வைக்கச் சொன்னால் கை தானாக அங்கேதான் போகும். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வேறு வகைத் தேர்வு ஒன்று இருக்கிறது என்பதை நாம் காட்ட வேண்டும்.

அது நம் பிள்ளைகளுக்குப் புதிதும் இல்லை. விக்கிரமாதித்தனிடம் வேதாளம் கேட்பது அப்படிப்பட்ட கேள்விதானே. பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் தலை வெடிக்கும். வாயைத் திறந்து சொன்னால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். எந்தப் பக்கம் போனாலும் ராஜா ஒன்றை இழக்கிறான். வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் கதையில் இரண்டு பக்கமும் ஏதாவது போகிறதா?"

நான் பயிற்சிப் பட்டறைகளில் எழுதிக் காட்டுகிற கதை ஒன்று உண்டு. ரேஷன் கடை வரிசை. அம்மா கார்டையும் பையையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். முன்னால் ஏழு பேர். பாமாயில் கொஞ்சம்தான் வந்திருக்கிறது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். ஒரு பாட்டி தாமதமாக வருகிறாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "கண்ணு, உனக்கு முன்னாடி நின்னுக்கட்டுமா?" என்று கேட்கிறாள். இரண்டு வழி: பாட்டியை முன்னால் விடலாம், விடாமல் இருக்கலாம்.

விட்டால் கடைசி பாக்கெட் பாட்டியோடு தீர்ந்துபோகிறது. வெறும் பருப்போடு வீட்டுக்குப் போகிறாய். அம்மா திட்டவில்லை. இரவு தோசை வார்க்கும்போது பாட்டிலைக் கவிழ்த்து, பாதி வெங்காயத்தில் சொட்டுச் சொட்டாக வாங்கிக் கல்லில் தேய்க்கிறாள். விடாவிட்டால் எண்ணெய் உன் பைக்கு வந்துவிடுகிறது. பாட்டி வெறுங்கையோடு திரும்புகிறாள். போகும்போது உன்னைப் பார்த்து, "உனக்குக் கிடைச்சுதா கண்ணு? நல்லது" என்கிறாள். அவ்வளவுதான் கதை. லாரி வரவில்லை, யாரும் சாகவில்லை. ஆனால் இதை வாசிக்கிற பிள்ளைகள் தேர்வு வருகிற பெட்டிக்கு (ட்வைனில் ஒரு திரையில் வருகிற பகுதிதான் ஒரு பெட்டி) வந்ததும் நின்றுவிடுவார்கள். மவுஸைப் பிடித்த கை நிற்கும். அந்த நிற்றலைத்தான் பிள்ளைகள் எழுதக் கற்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பட்டறையில் ஒரு மாணவி, மாதத் தேர்வில் தோற்றதை அம்மாவிடம் சொல்வதா, மறைப்பதா என்று ஒரு கதை எழுதினாள். சொல்கிற பக்கத்தை முதல் நாளே முடித்துவிட்டாள். மறைக்கிற பக்கம் இரண்டு நாளாகக் காலியாகவே இருந்தது. "அது தப்பு சார், அதுல என்ன எழுத?" என்றாள். "தப்பாகவே இருக்கட்டும். மறைத்த பிள்ளை அன்று ராத்திரி என்ன செய்தாள்?" என்று கேட்டேன். மூன்றாம் நாள் எழுதிக்கொண்டு வந்தாள். மறைத்தவள் அன்று வீட்டு வேலை எல்லாவற்றையும் சொல்லாமலே செய்கிறாள். பாத்திரம் கழுவி, துணி மடித்து, தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து. அம்மா, "இன்னைக்கு என் பொண்ணு எவ்வளவு நல்ல பொண்ணு" என்கிறாள். சொல்கிற பக்கத்தைவிடப் பத்து மடங்கு நன்றாக இருந்தது. தான் போகாத வழியிலும் போகிறவளாக இருந்து எழுதிப் பார்த்தாள் அவள். நேர்கோட்டில் ஒரு கதை எழுதியிருந்தால் அந்த ராத்திரிக்குள் அவள் போயிருக்கவே மாட்டாள். கட்டுரை நோட்டு தராத ஒன்றை இந்த வடிவம் பிள்ளைகளுக்குத் தருகிறது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

உங்கள் சக ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். எழுதுகிறவனுக்கு வேலை குறையவில்லை, கூடுகிறது. கணக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு வழி, மொத்தம் ஐந்து தேர்வு என்றால் 1, 2, 4, 8, 16, 32 என்று கிளைத்து 63 பெட்டிகள் எழுத வேண்டும். அவற்றில் 32 முடிவுகள். ஒருமுறை வாசிக்கிறவர் பார்ப்பதோ வெறும் ஆறு பெட்டி. இவ்வளவையும் எந்தப் பிள்ளையாலும் எழுத முடியாது. அதனால்தான் சீக்கிரம் ஆளைக் கொன்றுவிடுகிறார்கள். "நீ இறந்துவிட்டாய்" என்றால் அந்தக் கிளை அத்தோடு முடிந்தது, எழுதுகிற வேலையும் மிச்சம்.

இதற்கு வழி, பிரிந்த கிளைகளை மறுபடி ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது. ரேஷன் கதையில் இரண்டு பக்கமும் மறுநாள் காலைக் குழாயடிக்கு வந்து சேர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெட்டி. அங்கே பாட்டி குடத்தோடு நிற்கிறாள். ஆனால் நேற்று நீ செய்ததைக் கதை நினைவில் வைத்திருக்கிறது. ட்வைனில் அதற்கு ஒரு மாறி போதும், கணக்கில் வருகிற அதே மாறிதான். பாட்டியை விட்டாயா இல்லையா என்று அதில் குறித்துவைத்தால், குழாயடியில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றிக் காட்டலாம். விட்டிருந்தால் பாட்டி உன் குடத்தை முதலில் வைக்கச் சொல்கிறாள். விடாதிருந்தால், நீ குனிந்துகொண்டு அவள் குடத்தை முதலில் வைக்கிறாய். மற்ற வரியெல்லாம் அப்படியே. இப்படி மடித்தால் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளில் ஒரு முழுக்கதை வந்துவிடும். கணினி விஷயத்தில் அடுத்ததாகக் கற்றுக்கொடுக்க வேண்டியது இந்த மாறி ஒன்றுதான்.

உங்கள் சக ஆசிரியரிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் எட்வர்ட் பேக்கார்ட் என்ற வழக்கறிஞர் இரவில் தன் மகள்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். தீவில் மாட்டிக்கொண்ட ஒருவனின் கதை. ஒருநாள் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல், "நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். இரண்டு மகள்களும் வேறுவேறு பதில் சொன்னார்கள். அவர் இரண்டையும் தொடர்ந்து சொன்னார். அதை 1969-இல் புத்தகமாக எழுதினார். 1979-இல் தொடங்கி அந்த வகைப் புத்தகங்கள் பெரிய வரிசையாகவே வந்தன. கணினியிலும் ஏறக்குறைய இதே கதைதான். வில் க்ரௌதர் என்ற நிரலர் கென்டக்கியின் மாமத் குகைகளுக்குள் போய் வரைபடம் எடுத்தவர். மணவாழ்க்கை முறிந்த பிறகு, 1975-76 வாக்கில், தன் மகள்கள் விளையாட அந்தக் குகையையே வெறும் எழுத்தாலான கணினி விளையாட்டாக எழுதினார். டான் வுட்ஸ் என்ற இன்னொரு நிரலர் 1977-இல் அதை விரிவாக்கினார். கேட்கிற பிள்ளையை மதித்து, அது சொல்லும் பதிலுக்காகக் காத்திருந்து உருவான வடிவம் இது. ட்வைன் வந்தது பிற்பாடு, 2009-இல். கிறிஸ் க்ளைமாஸ் உருவாக்கியது. இன்றுவரை இலவசம்.

தமிழில் எழுதும்போது வருகிற சில விஷயங்களை உங்களிடம் பேச எனக்கு ஆசை. நீங்கள் தமிழாசிரியை என்பதால் ரசிப்பீர்கள். முதலில், "நீ". "போனான்", "போனாள்" என்று எழுதினால் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும். "போகிறாய்" சொல்லாது. ஆகவே முன்னிலையில் எழுதினால் பையன் பெண் யார் வாசித்தாலும் அது அவர்கள் கதை. உங்கள் பிள்ளைகள் பாதியில் "நீ"யிலிருந்து "அவன்" என்று தாவியிருக்கிறார்கள். இலக்கண வகுப்பில் தன்மை, முன்னிலை, படர்க்கை நடத்தும்போது இந்தக் கதைகளையே எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒற்று. ட்வைனில் இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதுவதுதான் இணைப்பு: [[வீட்டுக்குப் போ]]. அதே பெயரில் ஏற்கனவே ஒரு பெட்டி இருந்தால் அதனோடு சேரும். "வீட்டுக்கு போ" என்று ஒற்றை விட்டுவிட்டால் அது வேறு பெயர், ட்வைன் புதிதாக ஒரு காலிப் பெட்டியைத் திறந்துவிடும். நீங்கள் அனுப்பிய மூன்றாவது கதையில் "கதவைத் திற" இரண்டு பெட்டியாக இருப்பது அதனால்தான், ஒன்றில் த் இல்லை. சிவப்பு மையில் வல்லினம் மிகும் இடத்தை எத்தனை முறை சுழித்திருப்பீர்கள். இங்கே ஒற்று இல்லை என்றால் கதையே நடுவழியில் நின்றுவிடுகிறது. ஒருமுறை அப்படி நின்றுபோன பிள்ளை பிறகு மறப்பதில்லை, பார்த்திருக்கிறேன்.

சில நேரம் எழுத்துப் பிழையே இல்லாமலும் இணைப்பு அறுந்திருக்கும். "கொ" என்பதில் உள்ள கொம்பையும் காலையும் ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு. பெட்டியின் பெயரை இணைப்பிலிருந்தே நகலெடுத்து ஒட்டச் சொல்லுங்கள், இந்தத் தொல்லை வராது.

டைப்பிங் கவலைக்கு என் யோசனை, லேபுக்குப் போவதற்கு முன் முழுக்கதையையும் தாளில் முடிப்பது. ஒரு தாளை நான்காகக் கிழித்தால் நான்கு பெட்டி. துண்டுகளைத் தரையில் பரப்பி நூலால் இணைக்கச் சொல்லுங்கள். எங்கே கிளை அறுந்திருக்கிறது, எங்கே ஒரே பக்கம் மட்டும் நீண்டிருக்கிறது என்பது நின்ற இடத்திலிருந்தே தெரியும். பிள்ளைகள் தரையில் தவழ்ந்து சண்டை போட்டுக்கொண்டு இடம் மாற்றுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். இது முடிந்த பிறகு டைப் செய்வது வெறும் படி எடுக்கும் வேலைதான். எழுதிக்கொண்டே யோசிக்கும்போதுதான் நேரம் போகிறது.

ஒரு எச்சரிக்கை. பிரவுசரில் ட்வைனைத் திறந்து எழுதினால் கதைகள் அந்தக் கணினியின் பிரவுசரிலேயே தங்கும். ஒரு பள்ளியில் இரண்டு நாள் வேலை முடித்துவிட்டு மூன்றாம் நாள் காலை போனால், யாரோ பிரவுசரைச் சுத்தம் செய்திருந்தார்கள். ஒரு கதைகூட இல்லை. நான்தான் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த முகங்களை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு வகுப்பும் முடிகிற ஐந்து நிமிடத்துக்கு முன் கதைகளைக் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் போட்டுவிடுங்கள். முடிந்த கதையும் ஒரே கோப்பாகத்தான் வரும். பென்டிரைவில் எடுத்துப்போய் வேறு எந்தக் கணினியின் பிரவுசரிலும் இணையம் இல்லாமலே திறக்கலாம்.

ஆறாம் வகுப்புக்கு இதைச் செய்வதாக இருந்தால் ஸ்க்ராட்ச் என்ற மென்பொருள் பொருந்தும். எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்டது, சின்னப் பிள்ளைகள் உருவங்களை நகர்த்தி மகிழ்வார்கள். ஆனால் அங்கே சொற்கள் உருவத்தின் வாயருகே சின்னக் குமிழுக்குள் அடங்கிவிடும். மொழி வகுப்புக்கு நீங்கள் ட்வைனைத் தேர்ந்தெடுத்ததே சரி.

மதிப்பிடுவதற்கு நான் செய்வது இதுதான். எழுதிய பிள்ளையின் பக்கத்தில் இன்னொரு பிள்ளையை உட்காரவைத்து வாய்விட்டு வாசிக்கச் சொல்வேன். எழுதியவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது, விளக்கம் சொல்லக் கூடாது. வாசிக்கிறவர் எந்த இடத்தில் யோசிக்கிறார், எந்த இடத்தில் படிக்காமலே சொடுக்குகிறார் என்று மட்டும் நோட்டில் குறிக்க வேண்டும். அப்புறம் திருத்தம் என்ன என்று நாம் சொல்ல வேண்டியதே இல்லை. அவர்களே துண்டுத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி தரைக்குப் போய்விடுவார்கள்.

அடுத்த வாரம் ரேஷன் கதையை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். குழாயடியோடு நிறுத்திவிட்டு, அடுத்த மாதம் மறுபடி அதே வரிசை, அதே பாட்டி, இந்த முறை நீ பின்னால் வந்திருக்கிறாய் என்று சொல்லுங்கள். இருபத்திரண்டு பேரும் என்ன எழுதினார்கள் என்று எனக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும் படிக்கிறேன்.

அன்புடன்.