கேள்வி-பதில்: மெனோர்கா தோல் செருப்பு வாங்கலாமா?

கேள்வி: பார்சிலோனாவில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது அப்பாவுக்குத் தோல் செருப்பு வாங்கி வர நினைக்கிறேன். ஆன்லைனில் தேடினால் அபார்கா, அல்பார்கா, மெனோர்கினா, அல்பர்காத்தா என்று என்னென்னவோ வருகிறது. எல்லாம் ஒன்றுதானா? நல்ல தோலா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: ஒன்றல்ல. பெயரை நம்பி ஆர்டர் போடாதீர்கள், படத்தைப் பாருங்கள். அப்பாவுக்கு ஏற்றது ஸ்பெயினின் மெனோர்கா தீவின் அபார்கா. முன்பாதத்தை மூடும் அகலமான ஒரு தோல், குதிகாலைப் பிடிக்க ஒரு வார், அடியில் ரப்பர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பழைய டயரை வெட்டி அடி வைத்தார்கள். கடைகளில் மெனோர்கினா என்பதும் இதைத்தான். அல்பார்கா என்று தேடினால் வட ஸ்பெயினில் உள்ள கான்டாப்ரியாவின் மரக்காலணி வரலாம்; அதன் அடியில் மூன்று கட்டைகள் இருக்கும். அதன் பக்கத்துப் பகுதியான பாஸ்க் நாட்டு அபார்கா வேறு வகை: ஒரே தோலைக் கயிறால் சுருக்கி, கம்பளிக் காலுறைமேல் கட்டுவது. அல்பர்காத்தா கயிற்று அடி வைத்த துணிக்காலணி. நம் மழைக்கு அது வேண்டவே வேண்டாம்.

தோலைச் சோதிக்க, செருப்பில் ஒட்டியிருக்கும் லேபிள் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது கட்டாயம். விரித்த மாட்டுத்தோல் வடிவம் இருந்தால் தோல். அதன் நடுவே சிறு சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சு கொடுத்த தோல். வெறும் சாய்சதுரம் என்றால் தோலும் இல்லை, துணியும் இல்லை, பெரும்பாலும் ரெக்சின் வகை. மேல்பாகம், உள்பாகம், அடி மூன்றுக்கும் தனித்தனிக் குறி இருக்கும். மேல்பாகத்துக்கு எதிரே உள்ளதை முதலில் பாருங்கள். ‘தோல் செருப்பு’ என்று விற்பவர்கள் உள்பாகத்தில் மட்டும் தோல் வைத்திருக்கலாம்.

அடுத்து ஓரத்தைப் பாருங்கள். மேல்தோலை அடியோடு சேர்த்துச் சுற்றிலும் தைத்திருக்க வேண்டும். பசை மட்டும் என்றால் ஈரத்திலும் வெயிலிலும் அங்கேதான் முதலில் விட்டுப்போகும்.

கேள்வி: அளவு எப்படி எடுப்பது? பொருந்தாவிட்டால்?

பதில்: அப்பாவை மாலையில் காகிதத்தின்மேல் நிற்கச் சொல்லி, குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை சென்டிமீட்டரில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு காலையும் அளக்கட்டும், பெரியதைக் கணக்கில் வையுங்கள். ஐரோப்பிய எண் ஒன்று கூடினால் நீளம் சுமார் 6.7 மி.மீ. கூடும். தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் இளகாது. அதனால் முன்பக்கம் சற்று இறுக்கமாக இருக்கலாம். குதிகால் அடியைத் தாண்டி வெளியே நிற்கக் கூடாது.

ஆன்லைனில் வாங்கினால் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். ஊருக்கு வந்துவிட்டால் அந்த வசதி கைவிட்டுப் போகும். ஆகவே இப்போதே வாங்கி, அளவை டேப்பால் சரிபார்த்துவிடுங்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள். உற்பத்திக் குறை இருந்தால் ஸ்பெயினில் 3 ஆண்டு வரை கடைக்காரர் பொறுப்பு.

நனைந்தால் நிழலில் மட்டும் காயவிடச் சொல்லுங்கள். வெயிலில் வைத்தால் தோலின் எண்ணெய்ப்பசை போய் விறைத்து, விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும்.