லூசியானாவின் கேஜன் நாட்டில் இலையுதிர் காலம்: இசை, உணவு, புயல் பற்றிய கேள்வி பதில்

தென் லூசியானாவில் 22 பாரிஷ்களை, அதாவது அங்குள்ள மாவட்டங்களை, உள்ளடக்கிய பகுதிக்கு 1971-இல் மாநிலச் சட்டமன்றம் 'அகாடியானா' என்று பெயரிட்டது. வழக்கில் அது கேஜன் நாடு. அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வாழ்க்கையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, லஃபாயெட் நகரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் நம் உறுப்பினர் பதில் அளிக்கிறார்.

டாலஸ் வாசகர்: அக்டோபரில் லஃபாயெட்டில் நடக்கும் இசை விழாவுக்குக் குடும்பத்தோடு வர எண்ணுகிறோம். அது எப்படிப்பட்ட விழா? நுழைவுச்சீட்டு வேண்டுமா?

பதில்: சீட்டு வேண்டியதில்லை. 'ஃபெஸ்டிவால் அகாடியன் எ கிரியோல்' என்னும் அவ்விழா ஜிரார்ட் பூங்காவில் மரநிழலில் நடக்கிறது. அங்கே விற்கும் உணவும் பானமும்தான் விழாச் செலவைத் தாங்க உதவுகின்றன. ஆகவே கட்டுச்சோறு கொண்டு வராமல் அங்கேயே வாங்கி உண்பது முறை.

விழாவின் வேரைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1755-இல் தொடங்கி, இன்று கனடாவில் இருக்கும் நோவா ஸ்கோஷியாப் பகுதியிலிருந்து ஆங்கிலேயர் விரட்டியடித்த பிரெஞ்சு மொழி பேசும் அகாடியர்களின் வழிவந்தோரே கேஜன்கள். 1921-ஆம் ஆண்டின் மாநில அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலம் ஒன்றையே பயிற்றுமொழியாக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். தம் மொழியையும் பாட்டையும் தாமே தாழ்வாக எண்ணப் பழகியிருந்த அந்தத் தலைமுறைக்கு நடுவே, 1964-இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் வாசித்துப் பெருங்கைதட்டல் பெற்றுத் திரும்பிய டூயி பால்ஃபா என்னும் ஃபிடில் (அதாவது வயலின்) கலைஞர், இந்த இசைக்கு ஊரிலேயே மேடை வேண்டும் என்று விடாமல் வாதாடினார். 1974 மார்ச் 26 அன்று லஃபாயெட்டின் பிளாக்ஹாம் அரங்கில் அந்த மேடை அமைந்தது. அன்றிரவு கடும் மழை; இருந்தும் அரங்கு கொள்ளாத கூட்டம். பின்னர் விழா திறந்தவெளிக்கும் இலையுதிர் காலத்துக்கும் மாறியது.

மடக்கு நாற்காலி கொண்டு வாருங்கள். ஆனால் மேடையை ஒட்டிய வெற்றிடத்தில் விரிக்காதீர்கள். அது ஆடுவோருக்கு உரியது. வயது முதிர்ந்த தம்பதியர் புழுதி கிளம்ப வால்ட்ஸ் ஆடிக்கொண்டு வரும்போது வழியில் அமர்ந்திருப்பது மரியாதையும் அல்ல, காலுக்கு நல்லதும் அல்ல.

சென்னை வாசகி: கேஜன் இசையும் ஸைடெகோவும் ஒன்றா?

பதில்: உடன்பிறப்புகள், ஆனால் ஒன்றல்ல. கேஜன் இசையில் பத்துப் பொத்தான் அக்கார்டியனும் ஃபிடிலும் முன்னிற்க, இரும்பு முக்கோணம் தாளம் காக்கும். முன்பு வைக்கோல் வாரியின் இரும்புப் பற்களை வளைத்தே அதைச் செய்தார்கள். ஸைடெகோ, லூசியானாவில் பிரெஞ்சு மரபில் வந்த கறுப்பின மக்களான கிரியோல்களின் இசை. ரிதம் அண்ட் புளூஸின் வேகம் அதில் ஏறியிருக்கும். தோளிலிருந்து மார்பில் தொங்கும் நெளிதகட்டைச் சுரண்டித் தாளமிடுவார்கள். ஆப்பலூசாஸ் பகுதியைச் சேர்ந்த கிளிஃப்டன் ஷெனியே அதை உலகறியச் செய்தவர். ஆயினும் 1929-லேயே கிரியோல் அக்கார்டியன் கலைஞர் அமடே ஆர்ட்வானும் வெள்ளையரான டெனிஸ் மெகீயும் சேர்ந்து இசைத்தட்டுப் பதிவு செய்தார்கள். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துக் கேளுங்கள்.

ஹூஸ்டன் வாசகி: நான் கர்நாடக இசை வயலின் கற்றவள். உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து வாசிக்க இடம் கிடைக்குமா, ஐயா?

பதில்: தாராளமாக. யூனிஸ் ஊருக்கு வெளியே, அக்கார்டியன் செய்யும் மார்க் சவாய் 1966-இல் தொடங்கிய இசைக்கருவிக் கடையில் சனிக்கிழமை காலையில் கூடி வாசிக்கும் வழக்கம் பெயர்பெற்றது. அங்கே ஒரு நேரத்தில் ஒரே ஒரு முக்கோணம்தான் ஒலிக்கலாம் என்பது விதி. காது படைத்த எவரும் அந்த விதியை வாழ்த்துவார்கள். முதல் முறை போகிறவர் வெளி வட்டத்தில் அமர்ந்து, முதன்மை ஃபிடிலுக்குத் துணையாக இரு தந்திகளை ஒருசேர இழுத்துத் தாளம் கொடுக்கும் இரண்டாம் ஃபிடிலின் பங்கைப் பழகுவது நல்லது. அக்கார்டியன் பெரும்பாலும் 'சி' சுருதியில் இருப்பதால், அதற்கு இசைய ஃபிடில் தந்திகளை ஒரு முழுச்சுரம் தணித்துக் கட்டுவோர் பலர். பாடகரின் சுருதிக்குத் தந்தி சேர்த்துப் பழகிய உங்களுக்கு இது எளிது. வில்லை வெட்டி வெட்டி இழுக்கும் முறைதான் கைவர நாளாகும்.

பெங்களூரு வாசகர்: சைவர்களுக்குச் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: கடினம். வெண்டைக்காய் கம்போ என்னும் குழம்பின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதிலும் இறாலோ கோழியோ இருக்கும். ராஜ்மா போன்ற சிவப்பு பீன்ஸில்கூடப் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். வறுத்த வெண்டைக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரங்களும் கைகொடுக்கலாம். வேகும் எண்ணெய் எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்லாண்டா வாசகர்: அக்டோபரில் புயல் பயம் தீர்ந்துவிடும்தானே?

பதில்: தீராது. புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வரும். 1964-இல் ஹில்டாவும் 2002-இல் லில்லியும் அக்டோபர் 3 அன்றே இங்கே கரை கடந்தன. 2020 ஆகஸ்ட் 27 அன்று மணிக்கு 150 மைல் வேகக் காற்றோடு லாரா வந்து போய், லேக் சார்ல்ஸ் வீட்டுக் கூரைகளில் நீலத் தார்ப்பாய் கிடக்கையிலேயே, அக்டோபர் 9 அன்று அதே பகுதியை டெல்டா தாக்கியது. புயலின் வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்கிறது. இங்கே பெரிய எமன் கடலேற்றம், அதாவது புயல் நிலத்துக்குள் தள்ளிவரும் கடல்நீர். 1957-இல் ஆட்ரி புயலில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டது பெரும்பாலும் நீரால். 2005-இல் ரீட்டாவின் கடலேற்றம், கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எராத், டெல்காம்பர் ஊர்களிலும் புகுந்தது.

லஃபாயெட்டில் பயிலும் மாணவர்: வாடகை வீட்டில் இருக்கிறேன். என்னென்ன ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்?

பதில்: லஃபாயெட் கடலிலிருந்து விலகியே இருக்கிறது. ஆகவே உங்களுக்குக் கவலை தர வேண்டியவை மழைவெள்ளம், முறியும் மரம், நாள்கணக்கில் நீளும் மின்தடை ஆகியவை. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது நாலு லிட்டருக்குச் சற்றுக் குறைவான நீர், பல நாளைக்குச் சேமியுங்கள். கடவுச்சீட்டையும் விசா ஆவணங்களையும் நீர் புகாத பையில் இட்டு வையுங்கள்; மின்சாரம் போனால் வங்கி அட்டை வேலை செய்யாது என்பதால் கையில் ரொக்கம் இருக்கட்டும்; செப்டம்பர் முழுவதும் காரின் எரிபொருள் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வழக்கமான வாடகைதாரர் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடப்புக்கு வரும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்தபின் வாங்கிப் பயனில்லை.

மிக முக்கியமானது ஜெனரேட்டர். அதைப் பால்கனியிலோ கார் கொட்டகையிலோ ஒருபோதும் ஓட்டக்கூடாது; வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி வைக்க வேண்டும். லாரா கரை கடந்தபின் இறந்தவர்களில் கணிசமானோர் உயிரிழந்தது ஜெனரேட்டர் கக்கிய கார்பன் மோனாக்சைடால்தான்.

மற்றொன்று, அக்கம்பக்கத்தாரோடு இப்போதே பேசிப் பழகுங்கள். மின்சாரம் போன இரண்டாம் நாள், உறைபெட்டியில் கெட்டுப்போகவிருக்கும் இறாலையும் மான் இறைச்சியையும் எல்லோரும் வெளியே கொண்டு வருவார்கள். விழாவில் ஜம்பலாயா என்னும் இறைச்சிச் சோறு கிண்டிய அதே இரும்புச் சட்டியும் எரிவாயு அடுப்பும் தெருவுக்கு வரும். யார் வீட்டில் மரம் அறுக்கும் இயந்திரம் உண்டு, எந்தப் பாட்டிக்கு ஆக்சிஜன் கருவிக்கு மின்சாரம் வேண்டும் என்பதை அரசு அலுவலகத்துக்கு முன்பே தெரு அறிந்திருக்கிறது என்றால், அது சனிக்கிழமை தோறும் கூடிப் பாடியும் சமைத்தும் உண்டான அறிமுகத்தால்தான் என்பது என் கணிப்பு.

நியூ ஜெர்சி வாசகர்: 'கேஜன் நேவி' என்பது ஓர் அரசுப் படையா? நாம் சேரலாமா?

பதில்: அரசுப் படை அல்ல. 2005-இல் கத்ரீனா புயலின்போது லஃபாயெட்டிலிருந்து வாத்து வேட்டைக்கும் மீன்பிடிக்கும் பயன்படும் தட்டையடிப் படகுகளை இழுத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸுக்கு விரைந்தவர்களிடமிருந்து பிறந்த பெயர் அது. 2016 ஆகஸ்ட் வெள்ளத்திலும் 2017-இல் ஹார்வி புயலிலும் பரவலாயிற்று. இன்று அப்பெயரில் பல குழுக்கள் உள்ளன. படகோட்டத் தெரியாதவர் படகேறினால் மீட்க வேண்டியவர் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். வெள்ளம் வடிந்தபின் ஊறிய சுவர்ப்பலகைகளைப் பெயர்த்து வெளியே கொட்டும் வேலைக்குத்தான் ஆள் பஞ்சம், அதற்குச் செல்லுங்கள்.

சிங்கப்பூர் வாசகி: ஒரே ஒரு வாரம்தான் விடுப்பு. எப்போது வரலாம்?

பதில்: அக்டோபர் நடுவில். இரண்டாம் வார இறுதியில் வழக்கமாக ஜிரார்ட் பூங்கா விழா வரும். அடுத்த வார இறுதியில் குரோலி நகரில் 1937 முதல் நடந்துவரும் நெல் விழா. பகலில் வெயில் அடங்கியிருக்கும். கரும்பு அறுவடை தொடங்கியிருப்பதால் சாலையில் கரும்பு வண்டிகள் மெதுவாகவே போகும், பொறுமை வேண்டும். நவம்பர் 1 வரை தங்க முடிந்தால், கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூ வைத்து, பாதிரியார் ஆசீர்வதிக்கும் சகல புனிதர் நாளையும் காணலாம். படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். அறையும் விமானச்சீட்டும் ரத்து செய்து பணம் திரும்பப் பெறக்கூடியவையாக இருக்கட்டும். புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்து தேசியச் சூறாவளி மையத்தின் அறிக்கையைப் பாருங்கள்.