சரவணனுக்கு ஏன் பரம்வீர் சக்ரா இல்லை?

கேள்வி: கார்கிலில் உயிர்விட்ட திருச்சி மேஜர் சரவணனுக்கு மூன்றாம் நிலை விருதான வீர் சக்ராதான் கொடுத்தார்கள். வடக்கே பிறந்திருந்தால் போர்க்கள வீரத்துக்கான முதல் நிலை விருதான பரம்வீர் சக்ராவே கிடைத்திருக்கும் அல்லவா? விருதை உயர்த்தச் சொல்லி கையெழுத்து இயக்கம் தொடங்குகிறோம். நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா? (ஒரு வாசகர், துறையூர்)

பதில்: மாட்டேன்.

பீகார் ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனோடு படாலிக்கில் மலையேறி, எதிரியின் பதுங்குகுழி மீது ராக்கெட் லாஞ்சரால் சுட்டு, குண்டுச் சிதறல் உடம்பில் பாய்ந்த பிறகும் பின்வாங்காமல் 1999 மே 29-ல் விழுந்தவர் சரவணன். உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அப்படிப்பட்டவருக்குத் தந்த வீர் சக்ராவை ஆறுதல் பரிசு போலப் பேசுகிறீர்கள். 1947-லிருந்து இன்றுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர்களே மொத்தம் 21 பேர்தான் ஐயா.

வடக்கு, தெற்கு கணக்குக்கு வருவோம். ராமசாமி பரமேஸ்வரனைத் தெரியுமா? பம்பாயில் பிறந்த தமிழர். பரங்கிமலைப் பயிற்சிப் பள்ளியில் தேறி அதிகாரியானவர், மஹர் ரெஜிமென்ட்டின் எட்டாவது பட்டாலியனில் மேஜர். 1987 நவம்பர் 25 இரவு தேடுதல் வேட்டை முடிந்து திரும்பும்போது பதுங்கியிருந்தவர்கள் தாக்கினார்கள். அவர்களைப் பின்பக்கமாக வளைத்துப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவன் அவர் நெஞ்சில் சுட்டான். அவனுடைய துப்பாக்கியையே பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு, மூச்சு அடங்கும்வரை உத்தரவு கொடுத்துக்கொண்டிருந்தார். டெல்லி அவருக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தது. சண்டை நடந்தது நம் ராணுவம் அமைதிப்படையாகப் போயிருந்த இலங்கையில், எதிரே இருந்த புலிகளும் தமிழர்கள். அதனால் நம் மேடைகளில் அவர் பெயர் வருவதில்லை. புறக்கணிப்பு பற்றிப் பேசுவதென்றால் இங்கிருந்து தொடங்குங்கள்.

எந்த விருது என்பதற்கு முதல் வரி எழுதப்படுவது டெல்லியில் அல்ல, பட்டாலியனில். கமாண்டிங் ஆபீசர் பரிந்துரை எழுதுகிறார். பக்கத்தில் நின்று பார்த்தவன் உயிரோடு திரும்பிவந்து சொன்னால்தான் அதில் எழுத விஷயம் இருக்கும். பிறகு பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட், ராணுவத் தலைமையகம், அமைச்சகம், கடைசியில் ஜனாதிபதி. வழியில் எந்த மேசையிலும் விருதின் நிலை ஏறலாம், இறங்கலாம். பார்த்தவர் எல்லோரும் செத்துப்போன இடத்தில் வீரம் காட்டியவனுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். காகிதம் தப்பும் செய்யும். அதே கார்கில் போரில், டைகர் ஹில் சிகரத்தில் உடம்பெல்லாம் குண்டு பாய்ந்த யோகேந்திர சிங் யாதவுக்கு 'மறைவுக்குப் பின்' என்று பரம்வீர் அறிவித்தார்கள். அவரோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிரோடு இருந்தார்!

அதே டைகர் ஹில்லில் நம்மோடு மோதிச் செத்தவர் பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கான். கர்னல் என்பது அவர் பெயர், பதவி அல்ல. அவர் தீரமாகப் போரிட்டார் என்று ஒரு சீட்டு எழுதி, உடலை அனுப்பும்போது சட்டைப்பையில் வைக்கச் செய்தவர் நம் பிரிகேடியர் பாஜ்வா. பாகிஸ்தான் தன் மிக உயர்ந்த விருதான நிஷான்-ஏ-ஹைதரை அவருக்குக் கொடுத்தது. எதிரியே சாட்சி சொன்ன கேஸ் அது.

சரவணனுக்கான பரிந்துரையில் எதையாவது விட்டுவிட்டார்கள் என்று அவரோடு மலையேறிய சிப்பாய் ஒருவர் சொல்லட்டும், இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்குத் தருகிறேன். பிறந்த ஊரை மட்டும் சாட்சியாக வைத்து ஓடும் உங்கள் படிவத்தில் எனக்கு விட்ட இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.