எலும்புக் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகும் இரத்தக்குழாய் ஸ்கேன் எதற்கு?

தம்பியின் சத்திரசிகிச்சைக்கு முன் இன்னொரு ஸ்கேன் கேட்கிறார்கள், வீண் செலவுதானே என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் கணக்குப் பார்ப்பவர் நீங்கள்தான் போலும். இதே கேள்வியை நானும் கோபத்தோடு கேட்டவள்.

என் மகனுக்கு அப்போது 17 வயது. கணைக்கால் எலும்பின் மேல்முனையில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஒஸ்டியோசார்கோமா என்ற எலும்புப் புற்றுநோய். கீமோ முடிந்து, காலை எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றலாம் என்ற நிலையில் சீ.டீ. அஞ்சியோகிராம், அதாவது இந்த இரத்தக்குழாய் ஸ்கேன், எடுக்கச் சொன்னார்கள். வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவுக்கே காசு கரைந்துகொண்டிருந்த காலம். "இன்னுமொன்றா, டொக்டர்?" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

படம் வந்ததும் அவர் என்னை அழைத்துத் திரையில் காட்டினார். முழங்காலின் பின்னால் இறங்கும் பெரிய நாடி, கீழே மூன்றாகப் பிரிகிறது. முன்பக்கம் போவது எலும்பை ஒட்டியே வளைகிறது. மகனின் கட்டி அதை நெருக்கிக்கொண்டிருந்தது. "இதை முடிச்சிட்டுத் துண்டிக்க வேண்டி வரும், அம்மா. மற்ற இரண்டும் பாதம்வரை ஓடுகின்றனவா என்று பார்க்காமல் நான் கத்தியைத் தொட முடியாது" என்றார். சிலருக்குப் பிறவியிலேயே அவற்றில் ஒன்று மெலிந்திருக்குமாம். மகனுக்கு இரண்டும் நன்றாக இருந்தன. சத்திரசிகிச்சை முடிந்த இரவு தாதி அடிக்கடி வந்து பாதத்தில் துடிப்புப் பார்த்தார். நானும் அவன் பெருவிரலைத் தொட்டபடியே இருந்தேன். சூடு குறையவில்லை.

நான் வைத்தியர் அல்ல, கணித ஆசிரியை. எம்.ஆர்.ஐ.யிலேயே குழாய் தெரியுமே என்று யாராவது வாதாட வரலாம். தெரியும்தான், கட்டி விலகியிருந்தால் அதுவே போதுமாகலாம். எங்களுக்கு விலகியிருக்கவில்லை. தொடையிடுக்கில் நாடியைக் குத்திக் குழாய் செலுத்தும் பழைய முறையும் இதுவல்ல. குழாய்கள் படத்தில் தெரிய கை நாளத்தில் ஒரு மருந்தூசி, படமெடுக்கச் சில நிமிடங்கள். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று அறிய முதலில் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். ஆஸ்துமா, ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. அன்று கையெழுத்துக்கு நீட்டிய சம்மதப் படிவம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. 1987இலேயே இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிவிட்டது. எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பக்கத்தில் காத்திருந்த ஒரு பெண்தான், பாவம், தன் முறை வருவதற்குள் பாதியை வாசித்துச் சொன்னார். என் பிள்ளையின் காலைப் பற்றிய தாளுக்கு நான் முன்பின் தெரியாதவரின் தயவை நாட வேண்டியிருந்தது.

ஸ்கேனுக்கான அந்த மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சுடும், சிறுநீர் போய்விட்டதுபோல் இருக்கும், உண்மையில் போவதில்லை. தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாசிக்காமல் விட்ட பாதியில் இருந்தது அதுதான். என் மகன் உள்ளே தனியாகப் பயந்துபோனான்.